மகாமகத்துக்காக அறை கட்டலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் என் மாமனார் காலத்திலிருந்து 12 அறைகள் கொண்ட லாட்ஜும், அதன் கீழ்த்தளத்தில் ஒரு சைவ மெஸ்ஸும் நடத்தி வருகிறோம். கணவர் மறைந்த பிறகு நான்தான் கவனித்துக்கொள்கிறேன். அறை வாடகை 1,000 ரூபாய். 2028 மகாமகத்துக்குள் பின்பக்கக் காலியிடத்தில் 16 அறைகள் கட்டிவிட்டால் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்றரைக் கோடி ரூபாய் கடன் தர வங்கியும் தயாராக இருக்கிறது. ஆனால் இருக்கிற லாட்ஜுக்கே ஆள் நிற்பதில்லை. மாஸ்டர்கள் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வடமாநிலப் பிள்ளைகள் ஊருக்குப் போனால் திரும்புவதில்லை. உணவு டெலிவரி ஆப்களில் சேரச் சொல்லியும் கேட்கிறார்கள். ஓட்டல் மேனேஜ்மெண்ட் படித்துச் சென்னையில் நட்சத்திர ஓட்டல் ஒன்றின் வரவேற்புப் பிரிவில் வேலை பார்க்கும் என் மகன், மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு ஓர் உணவகம் தொடங்கலாம் என்கிறான். அவனுக்கு இப்போது சுற்றுலாக் கப்பலில் வேலையும் வந்திருக்கிறது. சென்னை ஏஜெண்ட் ஒருவர் மகாமகப் பத்து நாளுக்கும் எல்லா அறைகளையும் இப்போதே எடுத்துக்கொண்டு முன்பணம் தருவதாகச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வணக்கம் அம்மா. ஒரே கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், அவற்றுள் கடனைப் பற்றியதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யப் போகிறது என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். என் முடிவையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: மகாமகத்தை மனத்தில் வைத்து 16 அறைகள் கட்ட வேண்டாம். இருக்கிற 12 அறைகளைச் சீர்செய்து, மெஸ்ஸின் அடுக்களையை ஒழுங்குபடுத்தி, சாதாரணச் செவ்வாய்க்கிழமை இரவிலும் அறை போகும்படி செய்யுங்கள். அதன் பிறகும் ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் அப்போது கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு ஆண்டு வட்டி 10 சதவீதம், பத்தாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 1,98,000 ரூபாய் வரும். புதிய 16 அறைகள் மாதத்துக்கு 480 இரவுகளைத் தருகின்றன. அவற்றில் நூற்றுக்கு நாற்பது நிரம்பினால் 192 இரவுகள். அதாவது விற்கும் ஒவ்வோர் இரவின் வாடகையிலிருந்தும் ஏறத்தாழ 1,030 ரூபாய் தவணைக்கு மட்டுமே போய்விடும். புதிய அறையை 1,800 ரூபாய்க்கு விடுகிறீர்கள் என்று கொண்டாலும், மிஞ்சும் 770 ரூபாயில் மின்சாரம், சலவை, ஆள் கூலி, முன்பதிவுத் தளத்தின் கமிஷன், பராமரிப்பு எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் உங்கள் கைக்கு ஏதாவது வரும். நூற்றுக்கு அறுபது நிரம்பினால் தவணைச் சுமை இரவுக்கு 690 ரூபாய் அளவுக்குக் குறையும். ஆனால் அந்த அறுபது எங்கிருந்து வரும் என்பதை வங்கியின் திட்ட அறிக்கை சொல்லாது, உங்கள் பதிவேடுதான் சொல்லும்.

மகாமகம் இதில் எவ்வளவு ஈடுகட்டும் என்றும் பாருங்கள். பத்து நாளும் 16 அறைகளும் நிரம்பி, ஒவ்வோர் அறைக்கும் இரவுக்கு 5,000 ரூபாய் கிடைத்தால் மொத்தம் எட்டு லட்சம். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அது நான்கு மாதத் தவணை, நீங்கள் கட்ட வேண்டியதோ 120 மாதத் தவணை. திருவிழா முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த மகாமகத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதோடு, மகாமகத்தின்போது நகருக்குள் வாகனங்களைக் கட்டுப்படுத்துவது வழக்கம் என்பதால், காரில் வரும் குடும்பம் உங்கள் வாசல் வரை வந்து இறங்கும் என்றும் நம்ப முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை உங்கள் ஊரில் கட்டடம் எழுப்புகிறவர்கள் பலரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதி 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. சாலை நன்றாக அமைந்தால் கூட்டம் பெருகும் என்பது உண்மை. ஆனால் சென்னையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, ஓரிரு கோயில்களைப் பார்த்துவிட்டு, இரவே வீடு திரும்புவதும் எளிதாகிவிடும். அப்படி வருபவர் உங்கள் மெஸ்ஸில் சாப்பிடுவார், அறையில் தங்கமாட்டார். ஆகவே வருகிறவர்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் தங்குகிறவர் யார், எதற்காகத் தங்குகிறார் என்பதே உங்களுக்கு முக்கியம்.

அதற்கு விடை உங்கள் கல்லாவுக்குக் கீழேயே இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளின் தங்குவோர் பதிவேட்டை எடுத்து, ஒரு பெரிய நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் எத்தனை அறைகள் காலியாக இருந்தன என்று குறியுங்கள். என் ஊகம் இதுதான்: முகூர்த்த நாட்களிலும், குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி சமயங்களிலும், சனிக்கிழமை இரவுகளிலும் இடம் இருந்திருக்காது, கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வார நாட்களில் பாதிக்கு மேல் காலியாக இருந்திருக்கும். புதிய அறைகள் கட்டினால் அவையும் அதே நாட்களில் நிரம்பி, அதே நாட்களில் காலியாகக் கிடக்கும்.

காலி நாட்களை நிரப்பக்கூடிய விருந்தினர் உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறார்கள். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றுவது என்று கிளம்புகிறவர்கள் திங்களூரில் காலை ஆறு மணிக்கு இருக்க விரும்புகிறார்கள். நண்பகலில் கோயில்கள் நடை சாத்திவிடும், மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும் என்பதால் அவர்களுடைய நாள் முழுவதும் கடிகாரத்தோடு ஓட்டம்தான். திருநள்ளாற்றில் முடித்துத் திரும்பும்போது இரவாகிவிடும். இவர்களுக்கு முதல் நாள் இரவும் வேண்டும், சுற்றி முடித்த இரவும் வேண்டும். அதாவது ஒரே குடும்பம் இரண்டு இரவுகள். ஆலங்குடிக்கு வியாழக்கிழமையும், கஞ்சனூருக்கு வெள்ளிக்கிழமையும் வருகிறவர்களால் வார நடுவிலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. திருநாகேசுவரத்துக்கு ஞாயிறு மாலை ராகு கால பாலாபிஷேகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அன்றிரவே ஊர் திரும்பிவிடுவார்கள்; அவர்களை நம்ப வேண்டாம்.

இந்த நவக்கிரகப் பயணிகளுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தால் செய்ய வேண்டியவை தாமாகவே வரிசைப்படும். காலை ஐந்தரைக்கு இட்லியும் காபியும் கிடைக்க வேண்டும். நீங்கள் ஏழு மணிக்கு மெஸ்ஸைத் திறந்தால் அவர்கள் அதற்குள் போய்விட்டிருப்பார்கள். கையில் எடுத்துப்போகப் புளியோதரையும் தயிர்ச்சோறும் வாழையிலையில் கட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்கிறவர் குறைவு. உழவன் விரைவு ரயிலில் விடியற்காலை வந்திறங்குகிறவரிடம் "பன்னிரண்டு மணிக்குத்தான் அறை" என்று சொல்லாமல், வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டல்கள் செய்யத் தயங்கும் இந்த ஒன்றே சிறிய லாட்ஜுகளின் பலம். வயதானவர்கள் வருவார்கள் என்பதால் தரைத்தளத்தில் இரண்டு அறைகளையாவது மேற்கத்தியக் கழிப்பறையும் பிடிமானக் கம்பியும் வழுக்காத தரையும் கொண்டவையாக மாற்றுங்கள். வேன் ஓட்டுநருக்குச் சுத்தமான ஒரு படுக்கையும், குளிக்க வெந்நீரும், காலையில் ஒரு காபியும் கொடுங்கள். எந்த லாட்ஜில் இறங்கலாம் என்று குடும்பத்தார் ஓட்டுநரைத்தான் கேட்கிறார்கள். இரவு முழுவதும் வண்டிக்குள் கொசுக்கடியில் தூங்கிய ஓட்டுநர் அடுத்த முறை உங்கள் தெருப்பக்கமே திரும்பமாட்டார்.

தாராசுரம் கோயிலைப் பார்க்க வெளிநாட்டவரும் கணிசமாக வருகிறார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் அவரைப் பற்றிய படிவத்தை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்குப் பயந்தே சிறிய லாட்ஜுகள் பல அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஒரு முறை பதிவுசெய்து பழகிவிட்டால் அது சில நிமிட வேலைதான். மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் குலதெய்வக் கோயிலைத் தேடி வரும் தமிழ்க் குடும்பங்களும் இந்த விதிக்குள்தான் வருகின்றன என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

அறைகளைச் சீர்செய்வதற்கான கணக்கையும் பார்த்துவிடுவோம். ஓர் அறைக்கு இரண்டரை லட்சம் என்று வைத்து, குளியலறை, தண்ணீர்க் குழாய், மின்கம்பி, மெத்தை, குளிர்சாதனம், சுவர்ப்பூச்சு எல்லாவற்றையும் மாற்றினால் 12 அறைகளுக்கு 30 லட்சம். அதே வட்டி, அதே காலத்துக்கு மாதத் தவணை 40,000 ரூபாய்க்குள் அடங்கும். வாடகையை 1,500 ஆக உயர்த்தி, பாதி அறைகள் நிரம்பினாலே மாதம் 180 இரவுகளுக்கு 500 ரூபாய் வீதம் 90,000 ரூபாய் கூடுதலாக வரும். குளிர்சாதனத்தால் மின்கட்டணம் ஏறும் என்பதை இதில் கழித்துக்கொள்ளுங்கள். அப்படியும் தவணைக்குக் கஷ்டப்பட வேண்டியிருக்காது. ஒரே சமயத்தில் எல்லா அறைகளையும் உடைக்காமல், ஆடியில் நான்கு, மார்கழியில் நான்கு என்று செய்தால் வருமானமும் நிற்காது.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மகாமகத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதால் சொல்லியே ஆக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. நீங்கள் வாங்கும் மெத்தைக்கும் ஏசிக்கும் கட்டிய வரி அப்படியே உங்கள் செலவுதான். வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையில் பழைய 12 சதவீத முறையில் உள்ளீட்டு வரி திரும்பக் கிடைப்பதாக எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைத் திருத்தச் சொல்லுங்கள். இதைவிட முக்கியமானது மெஸ்ஸைப் பற்றியது. ஒரே வளாகத்தில் உள்ள உணவகத்துக்கு 5 சதவீதமா 18 சதவீதமா என்பது, அந்த வளாகத்தில் முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் விடப்பட்டதா என்பதைப் பொறுத்தது. 2025 ஏப்ரல் முதல் இதுவே விதி. மகாமகக் கூட்டத்தில் யாரோ ஒருவர் அவசரத்துக்கு 8,000 ரூபாய் கொடுக்க முன்வந்து நீங்களும் பில் போட்டுக் கொடுத்துவிட்டால், அந்த ஓர் இரவுக்காக 2028–29 நிதியாண்டு முழுவதும் உங்கள் மெஸ்ஸின் இட்லிக்கும் சாப்பாட்டுக்கும் 18 சதவீத வரி வாங்க வேண்டிய நிலை வரும். எதிர்க்கடையில் 5 சதவீதம் இருக்கும்போது உங்களிடம் யார் சாப்பிட வருவார்கள்? மகாமகம் வருவதற்குள் விதி மாறவும் கூடும் என்பதால் 2027 கடைசியில் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு, அந்தப் பத்து நாளுக்கு ஓர் உச்ச வாடகையை எழுதி வரவேற்பு மேசையில் ஒட்டிவிடுங்கள்.

மகனின் மொட்டை மாடி யோசனைக்கு என் பதில் ஒரே சொல்: கூடாது. 2004 ஜூலை 16 அன்று உங்கள் ஊர்ப் பள்ளியில் சமையல் செய்த இடத்தில் எழுந்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அடுப்பும் கீற்றும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்பதைக் கும்பகோணத்தில் இருக்கும் ஒருவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்னையில் அழகுக்காகச் செய்வதைப் பார்த்துவிட்டு அந்த இளைஞர் சொல்லியிருக்கலாம். மாடியை விட்டுவிட்டு, கீழே உள்ள அடுக்களையில் சிலிண்டர்கள் அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் வைக்கப்பட்டிருக்கின்றன, புகைக்கூண்டில் எண்ணெய்ப் பிசுக்கு எப்போது கடைசியாகச் சுரண்டப்பட்டது, மேல்மாடி விருந்தினர் இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா என்பவற்றை அவரையே ஆராய்ந்து எழுதித் தரச் சொல்லுங்கள். படிப்பு பயன்பட வேண்டிய இடம் அதுதான்.

இனி ஆள் நிற்காத பிரச்சினை. எல்லா ஓட்டல்காரர்களும் சம்பளத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. காலை டிபனுக்கு ஐந்து மணிக்கு எழுந்து, பதினோரு மணிவரை நின்று, மதியச் சாப்பாட்டை முடித்து, மூன்று மணிக்குப் பாத்திரங்களோடு உட்கார்ந்து, நான்கு மணிக்கு மறுபடியும் போண்டாவுக்கு மாவு கரைத்து, இரவு பத்தரைக்குக் கடையைக் கழுவிவிட்டுப் படுக்கும் ஒரு சப்ளையருடைய நாளை எண்ணிப் பாருங்கள். அவருக்கு ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் அந்த நாள் குறையவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனால் வேலை முடிந்த பிறகாவது அவர் தன் விருப்பப்படி இருக்கலாம்; அதனால்தான் போகிறார். ஆகவே காலைக்கு ஒரு குழு, மாலைக்கு ஒரு குழு என்று பிரிப்பதே முதல் வேலை. காலைக் குழுவுக்கு உள்ளூர்ப் பெண்களை எடுங்கள். மாவு அரைப்பது, காய் நறுக்குவது, சட்னி, சாம்பார் எல்லாம் ஐந்து மணியிலிருந்து பதினொன்றுக்குள் முடியும் வேலை. மகளிர் சுய உதவிக் குழுக்களில் கேட்டால், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டு மாறி மாறி வரத் தயாராக இருப்பார்கள். வாரம் ஒரு நாள் விடுப்பை ஏட்டில் எழுதி, எழுதியபடியே கொடுங்கள். தங்கும் ஆட்களின் அறையை ஒருமுறை நீங்களே போய்ப் பாருங்கள். மின்விசிறி ஓடாத அறையில் படுக்கிறவர் நீண்ட நாள் இருக்கமாட்டார். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குரிய இஎஸ்ஐ உங்கள் ஆள் கணக்குப்படி பொருந்துமானால் தள்ளிப்போடாதீர்கள். குடும்பத்துக்கு மருத்துவம் கிடைக்கும் என்பது மாஸ்டரைவிட மாஸ்டரின் மனைவிக்கு நன்றாகப் புரியும்.

மாஸ்டர் அட்வான்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார் என்ற வருத்தம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. பணம் போனதைவிட, அவரோடு சாம்பாரின் ருசியும் போய்விடுவதுதான் பெரிய நஷ்டம். நூறு பேர் சாம்பாருக்குத் துவரம்பருப்பு எத்தனை கிலோ, புளி எத்தனை கிராம், எந்த நேரத்தில் பெருங்காயம் என்பதைத் தராசில் நிறுத்து எழுதி அடுக்களைச் சுவரில் மாட்டிவிடுங்கள். மாஸ்டருக்கு முதலில் கோபம் வரும், வந்தாலும் செய்யுங்கள். அடுக்களையின் உரிமை அவருடைய கைப்பக்குவத்திலிருந்து உங்கள் ஏட்டுக்கு மாறிய நாளில்தான் அட்வான்ஸ் தொகையும் குறையத் தொடங்கும். வடமாநிலப் பிள்ளைகள் ஊருக்குப் போனால் திரும்புவதில்லை என்கிறீர்கள். ஹோலிக்கும் சட் பூஜைக்கும் அவர்கள் போகத்தான் செய்வார்கள்; எல்லோரையும் ஒன்றாக அனுப்பாமல் இரண்டு மாதம் முன்பே முறை வைத்து, திரும்பி வரும் ரயில் டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுத்தால் பெரும்பாலோர் வந்துவிடுவார்கள்.

டெலிவரி ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் மெஸ்ஸின் பலம் இலை போட்டுப் பரிமாறும் சாப்பாடு. அதை ஏழெட்டு டப்பாக்களில் அடைத்து அனுப்பினால் டப்பாச் செலவும் கமிஷனும் போக லாபமே நிற்காது. சேருவதானால் சாம்பார் சாதம், தயிர் சாதம், பொங்கல் போன்று ஒரே டப்பாவில் அடங்குபவற்றை மட்டும், அதற்கென்று தனி விலை வைத்துப் போடுங்கள். ஆப் வழி வரும் உணவுக்கான ஜிஎஸ்டியை 2022 ஜனவரி முதல் அந்த நிறுவனமே அரசுக்குக் கட்டிவிடுகிறது. கணக்கு எழுதுகிறவர் அதையும் உங்கள் தலையில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகனைத் திரும்ப அழைக்கலாமா என்பதை நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும் கடிதம் முழுவதும் அதுதான் இருக்கிறது. அவரைக் கப்பல் வேலைக்குப் போக விடுங்கள். ஒரு ஒப்பந்தக் காலம் முழுவதும் ஆயிரக்கணக்கான பேருக்கு நாள் தவறாமல் சமைத்து, ஒரு கிலோ தக்காளிக்கும் கணக்கு வைக்கும் இடத்தில் இருந்துவிட்டு வருவது அவருக்கு நல்லது. முடிந்தால் வரவேற்புப் பிரிவை விட்டு உணவுச் செலவுக் கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், உங்கள் லாட்ஜுக்குத் தேவைப்படுவது அதுதான். திரும்பி வரும்போது "முதலாளி மகன்" என்று கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். மாதச் சம்பளம் நிர்ணயித்து, கொள்முதல் முழுவதையும் அவர் பொறுப்பில் விட்டு, அதில் நீங்கள் தலையிடாமல் இருக்க முடியுமா என்பதை முன்கூட்டியே உங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ளுங்கள். குடும்ப ஓட்டல்களில் படித்த பிள்ளைகள் ஓராண்டில் கிளம்பிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், மாஸ்டர் முன்னிலையில் அம்மாவோ அப்பாவோ அவர்களுடைய சொல்லை மாற்றிவிடுவதுதான்.

கடைசியாக அந்த ஏஜெண்ட். பன்னிரண்டு அறைகளையும் அவரிடம் கொடுக்க வேண்டாம். ஆறு அறைகள் வரை கொடுக்கலாம். கொடுப்பதானால் இரவு வாடகை, மொத்த நாட்கள், முன்பணம், அவர் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பத் தருவீர்கள், அறைக்கு எத்தனை பேர் என்ற ஐந்தையும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அறைக்கு எத்தனை பேர் என்பதை எழுதாமல் விட்டால், நான்கு பேர் அறையில் பத்துப் பேரைப் படுக்கவைத்துவிட்டு, தண்ணீர் வரவில்லை என்று உங்களிடமே சண்டைக்கு வருவார்கள். மீதி ஆறு அறைகளை, உங்கள் மாமனார் காலத்திலிருந்து ஆண்டுதோறும் வந்து தங்கும் குடும்பங்களுக்கென்று ஒதுக்கி, 2027 ஆவணியில் அவர்களுக்கு நீங்களே தொலைபேசியில் சொல்லுங்கள்.